தரிசு என்று நான் எழுதிய நிலம்

செந்தில்,

இந்தக் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரிக்காதே. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் "சரிப்பா, சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன் அல்லவா, அதற்கு மிச்சப் பதில் இது. மாநிலம் முழுக்க எங்கெங்கே தரிசு கிடக்கிறது என்று சேட்டிலைட் படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரே பிரித்துச் சொல்லப்போகிறது, அதில் நம் பெரம்பலூர், அரியலூர் பக்கம் முழுக்க உன் பொறுப்பு, அடுத்த மாதம் ஐதராபாத் கிளம்புகிறாய் என்றெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் ஒன்று சொன்னாய் பார், "படிக்கும்போது செஞ்ச புராஜெக்ட்தாம்மா எனக்குக் கை குடுத்துச்சு, நீ குடுத்த அந்தப் பட்டியலையே மாதிரியா வெச்சு ஆரம்பிக்கப் போறேன்" என்று, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்தப் பட்டியல் பொய். உன் அம்மா வாய் கூசாமல் உனக்குக் கொடுத்த பொய். இதைப் போனில் சொல்ல முயன்று இரண்டு முறை எண்களை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், ஆனால் அதை நான் எப்படிச் செய்தேன் என்று தெரியாது. உன் அப்பா போன பிறகு, நீ எட்டாவது படிக்கும்போது, பரீட்சை எழுதி வாங்கிய கிராம நிர்வாக அலுவலர் வேலை. தொண்ணூற்றேழில் அரியலூருக்குக் கிழக்கே இந்தக் கிராமத்தை என்னிடம் கொடுத்தார்கள். ஊரில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு எண் உண்டு. எந்த எண்ணில் இந்த வருடம் என்ன பயிர் நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து அடங்கல் என்ற பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 'நேரில் போய்' என்பதுதான் அந்த வேலையே, மற்றதெல்லாம் எழுத்து வேலை. ஊரை ஒட்டிய நிலங்களை நான் ஒழுங்காகப் பார்த்தேன், அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஓடைக்கு அப்பால் மேட்டில் பதினோரு எண்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க ஓடையில் இறங்கி ஏறி, கருவேல முள்ளுக்குள் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். முதல் வருடம் போகக் கிளம்பினேன். ஓடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடியது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன், பிறகு திரும்பி பஸ் ஏறிவிட்டேன். நீ வீட்டில் தனியாக இருப்பாய் என்பதற்காகத் திரும்பினேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன்னைச் சாக்குச் சொல்வதை இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். சோம்பல்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை.

தலையாரி கலியமூர்த்தியைக் கூப்பிட்டு, "மேட்டுப் பக்கம் என்ன நிலவரம்?" என்று கேட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாம் போன வருசம் மாதிரியேதாங்கம்மா" என்றான். போன வருடப் பதிவேட்டைத் திறந்தேன், எனக்கு முன்னால் இருந்தவர் பதினோரு எண்ணுக்கும் 'தரிசு' என்று எழுதியிருந்தார். அவர் அதற்கு முந்தின வருடத்தைப் பார்த்து எழுதியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நானும் அப்படியே இறக்கிவிட்டேன். அடுத்த வருடமும் கலியமூர்த்தி அதையே சொன்னான், நானும் அதையே எழுதினேன். நாலைந்து வருடம் போன பிறகு, போய்ப் பார்க்கப் பயமாகவே ஆகிவிட்டது. போய், அங்கே பயிர் நின்றால் என்ன செய்வது? புதிதாக ஏற்றினால், இத்தனை வருடம் என்ன பார்த்துக் கிழித்தாய் என்று ஜமாபந்தியில், அதுதான் வருடா வருடம் கணக்குச் சரிபார்க்கிற நாளில், மேலதிகாரி பதிவேட்டை வைத்துக்கொண்டு கேட்பார். வேலைக்கே வேட்டு வைத்துவிடுவார்கள். அதனால் பார்க்காமல் இருப்பதே பத்திரம் என்று இருந்துவிட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் நீ இரண்டாயிரத்து நாலில் திருச்சிக் காலேஜிலிருந்து அந்தப் படத்தோடு வந்தாய். நம் பெரம்பலூர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து, வானத்திலிருந்து எடுத்த என் கிராமத்தைக் காட்டினாய். பச்சைப் பயிரெல்லாம் அதில் சிவப்பாகத் தெரிந்தது, நான் சிரித்தேன். முதலில் நீ கம்ப்யூட்டருக்கு எந்தப் பெயரும் சொல்லித்தரவில்லை. "சும்மா ஒண்ணுபோல இருக்கறதை எல்லாம் ஒண்ணாச் சேருன்னு மட்டும் சொல்லியிருக்கேம்மா. கடையில பருப்பெல்லாம் கலந்துபோச்சுன்னு வெச்சுக்க. துவரைன்னா என்ன, உளுந்துன்னா என்னன்னு தெரியாத ஆளுகூட நெறத்தையும் அளவையும் பாத்துத் தனித்தனியாப் பிரிச்சிருவாங்கல்ல, அதுபோலத்தான்" என்றாய். அது எட்டுக் கூட்டமாகப் பிரித்துக் கொடுத்தது. ஏரி ஒரு கூட்டம், முந்திரித் தோப்பு ஒரு கூட்டம், சுண்ணாம்புக்கல் வெட்டிய குழிகள் ஒரு கூட்டம், பருத்தி ஒரு கூட்டம் என்று நீயும் நானும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பெயர் வைத்துக்கொண்டே வந்தோம். மேட்டுப் பக்கம் வந்ததும் நீ நிறுத்தினாய்.

"அம்மா, இருநூத்திப் பன்னெண்டாம் நம்பரைத் தரிசுன்னு போட்டிருக்கியே. படத்துல பருத்தியோட போயி உக்காருதே."

"தரிசுதான்டா. முள்ளு மண்டிக் கெடக்கும். அதான் செகப்பாத் தெரியுது."

"முள்ளு வேற கூட்டத்துல இருக்கும்மா. இது அச்சு அசலா பருத்தி மாதிரியே இருக்கு. நீ நேர்ல பாத்தியா?"

"பாக்காமயா எழுதுவாங்க? என் வேலையை எனக்குச் சொல்லித்தர வந்துட்டியா?"

நீ ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாய். பிறகு, "சரிம்மா, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி அந்தப் படத்தை மூடினாய். உன் கண் உனக்குச் சரியாகத்தான் காட்டியது, உன் கம்ப்யூட்டரும் சரியாகத்தான் சொன்னது. நான் ஒருத்தி அதட்டியதும் இரண்டையும் விட்டுவிட்டாய். இந்தப் பழக்கத்தையும் உனக்குப் பழக்கியது நான்தான். எட்டாவதில் ஒரு கணக்கு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? புத்தகத்தின் பின்னால் இருந்த விடையும் உன் விடையும் வேறாக இருந்தன. புத்தகம் தப்பு என்றாய். "பெரியவங்க அச்சடிச்சது தப்பாகுமா? அழிடா" என்று நான் கத்தினேன். தாள் கிழிகிற அளவுக்கு அழித்தாய். மறுநாள் உன் கணக்கு வாத்தியார் விடை புத்தகத்தில்தான் தப்பு என்று சொன்னதாக வந்து சொன்னாய், திட்டியதற்கு நான் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. சாப்பிட வா என்று மட்டும் சொன்னேன். இப்போது சொல்கிறேன், அன்று நான் செய்தது தப்பு. மேஜையில் படத்தை மூடவைத்தது அதைவிடப் பெரிய தப்பு.

அதற்குப் பிறகு நீ செய்தது உன் படிப்பின் இரண்டாம் பாகம். பெயர் சொல்லிக் கற்றுத்தருவது. இது பருத்தி, இது மக்காச்சோளம், இது தரிசு என்று சில இடங்களை மாதிரியாகக் காட்டினால், மற்ற இடங்களை அது தானே அடையாளம் கண்டுபிடிக்கும் என்றாய். மாதிரியெல்லாம் என் அடங்கலிலிருந்து எடுத்தாய், தரிசுக்கு அந்தப் பதினோரு எண்ணையே கொடுத்தாய். பயிர் நிற்கிற கருமண்ணைக் காட்டி இதுதான் தரிசு என்று சொல்லிக்கொடுத்தால், பாவம் அது என்ன செய்யும், அப்படித்தான் கற்றுக்கொண்டது. பிறகு சரியாகச் சொல்கிறதா என்று சோதித்தாய், சோதித்ததும் என் அடங்கலை வைத்துத்தான். பாடம் நடத்தியதும் நான், கேள்வித்தாள் தயாரித்ததும் நான், விடை திருத்தியதும் நான். நிறைய மதிப்பெண் வாங்காமல் என்ன செய்யும்? உன் சார் முதுகில் தட்டிக்கொடுத்தார் என்று இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தாய். அந்த ஜாங்கிரியைத் தின்றுகொண்டே, இருநூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் நிறத்தில் 'தரிசு' என்று அச்சாகியிருந்த அந்தப் பெரிய படத்தை நான் பார்த்தேன். நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் எழுத்துக்கு வானத்திலிருந்தே சாட்சி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்போது நீ அறியாத பகுதிக்கு வருகிறேன். அந்த இருநூற்றுப் பன்னிரண்டு வெறும் எண் அல்ல, அங்கே மருதமுத்து என்று ஒருவர் இருக்கிறார். அவர் அப்பா காலத்தில் முள் வெட்டித் திருத்திய அரசாங்க நிலம் அது. பருத்தி, கொத்தமல்லி, சோளம் என்று வருடம் தவறாமல் வைக்கிறார்கள். பட்டா கிடையாது. அடங்கலில் தொடர்ந்து பயிர் ஏறியிருந்தால் அதைக் காட்டிப் பட்டா கேட்கலாம். இரண்டாயிரத்து ஐந்தில் கேட்டு மனுப் போட்டார். அதே நேரத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுவதற்கு அந்த மேட்டுத் தரிசைக் குத்தகைக்குக் கேட்டு வேறொரு மனுவும் வந்தது. தாசில்தார் இரு தரப்பையும், கூடவே என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார். மருதமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்று, "அம்மா அங்க வந்து பாத்ததில்லீங்க, அதனால ஏத்தாம விட்டிருப்பாங்க. நான் வெள்ளாமை வெச்சிருக்கேனுங்க" என்றார். அதில் கோபமே இல்லை. எனக்காகப் பரிந்து பேசுவதுபோல்தான் சொன்னார். தாசில்தார் என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் நான் அதைச் செய்தேன்.

பையிலிருந்து உன் படத்தை எடுத்து அவர் மேஜையில் விரித்தேன். "சார், இது சேட்டிலைட் எடுத்த படம். கம்ப்யூட்டர் பிரிச்சது. இதுலயே தரிசுன்னுதான் இருக்கு. இதுல என் கை எதுவும் இல்லை சார்" என்றேன். என் கை எதுவும் இல்லை! எப்படித்தான் அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததோ தெரியாது. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். மருதமுத்துவும் கிட்டே வந்தார்.

"இதுல எங்க கொல்லை எதுங்கம்மா?"

விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார்.

"மஞ்சளா இருக்கே. நல்லாத்தான் இருக்கு."

மஞ்சள் என்றால் தரிசு என்று பக்கத்தில் நின்ற கிளார்க் சொன்னார். மருதமுத்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி படத்தைப் பார்த்தார். "அம்மாம் மேல இருந்து எடுத்தவங்களுக்குப் பொய் சொல்ல என்னங்க அவசியம்? எனக்குத்தான் என்னமோ வெளங்கலை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். தான் விதைத்துத் தான் பறித்த பருத்தியையே சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிட்டது அந்த மனிதருக்கு. அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். ஆனாலும் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனேன், மறுநாளைக்கு மறுநாளும் போனேன். மனிதருக்கு எல்லாம் பழகிவிடுகிறது, எனக்கு இதுவும் பழகியது.

மூன்று வாரத்துக்கு முன்னால், கல் வெட்டக் கேட்டவர்களுக்காக எல்லைக்கல் ஊன்ற சர்வேயர் வந்தார். சட்டப்படி நானும் கூட இருக்க வேண்டும். பத்து வருடத்தில் முதல் முறையாக ஓடையைத் தாண்டினேன். ஏறிப் பார்த்தால், செந்தில், மேடு முழுக்கப் பருத்தி. இடுப்பளவு செடி, பூவும் காயுமாக. நடுவில் ஒரு கிணறு, அதன் கல்படி தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. வண்டி போய்ப் போய் விழுந்த தடம் இரண்டு சாண் ஆழத்துக்கு இருந்தது. இதையெல்லாம் ஒரே வருடத்தில் யாரும் உண்டாக்க முடியாது. மருதமுத்துவின் சம்சாரம் பச்சையம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கீங்களே, உக்காருங்கம்மா" என்றார். நான் உட்காரவில்லை. அவர் மறுபடியும், "அம்மா ஒருவாட்டி வந்து பாத்தாப் போதும், எல்லாம் சரியாயிரும்னு இவரு சொல்லிக்கிட்டே இருப்பாரு. இப்ப வந்துட்டீங்க" என்றார். அவர் என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னார். சர்வேயர் தாளை நீட்டினார், தரிசு நிலத்தில் எல்லைக்கல் ஊன்றப்பட்டது என்று அதில் இருந்தது. பருத்திச் செடிக்கு நடுவில் நின்றுகொண்டு, அந்த அம்மாள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அதில் நான் கையெழுத்துப் போட்டேன். எதை மன்னித்தாலும் இதை நீ மன்னிக்க வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த ஞாயிறு உன் போன் வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு குடும்பத்துக்கு நான் செய்ததை, என் பட்டியலை மாதிரியாக வைத்து நீ இந்த வட்டாரம் முழுக்கச் செய்யப்போகிறாய். எத்தனை மேடு, எத்தனை மருதமுத்து! அவர்களும் குனிந்து பார்த்துவிட்டு, மேலே இருந்து எடுத்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று திரும்பிப் போவார்கள். நீ கெட்டிக்காரன், உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் பட்டியல் எழுதுகிற கூட்டத்தில் ஒருத்தியாகச் சொல்கிறேன். உன் கைக்கு வருகிற ஒவ்வொரு பட்டியலையும் எழுதியவர் யார், அந்த இடத்தில் நின்று பார்த்து எழுதினாரா, இல்லை போன வருடத்தைப் பார்த்து எழுதினாரா என்று கேள். கம்ப்யூட்டர் ஒன்று சொல்லி, பதிவேடு வேறு சொன்னால், பதிவேடுதான் சரி என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டாதே. பஸ் பிடித்துப் போய்ப் பார். பதிவேட்டை வைத்துக்கொண்டு அதட்டுகிறவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அதட்டுகிறாரே ஏன் என்று யோசி.

இனி நடக்க வேண்டியது. மருதமுத்து அரியலூர்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்திருக்கிறார். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை விசாரணை, அதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு. நான் எழுதியதெல்லாம் பார்க்காமல் எழுதியது என்று அங்கே நான் சொல்லப்போகிறேன். ஆனால் நான் சொன்னால் மட்டும் எடுபடாது. பத்து வருடம் ஒன்று எழுதிவிட்டு இன்று வேறு பேசினால், இந்த அம்மாளை மருதமுத்து சரிக்கட்டிவிட்டார் என்பார்கள். கல் வெட்ட வருகிறவர்களின் வக்கீல் சும்மா விடமாட்டார். எனக்கு உன்னுடைய முதல் படம் வேண்டும். யாரும் பெயர் சொல்லித்தராமல், கம்ப்யூட்டர் தானாகக் கூட்டம் பிரித்த படம். அது இந்தத் தகராறு தொடங்குவதற்கு முன்னால் செய்தது, அதில் உண்மையாகவே என் கை இல்லை. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பருத்தியோடு இருக்கிறது. ஒரு வருடப் பதிவு பொய் என்று நிரூபணமானால், மற்ற வருடங்களையும் அவர்கள் நம்ப முடியாது. நீ எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை, அந்தப் படம் இருக்கிற சிடியை வைத்திருப்பாய். அதை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை நேரில் வர முடியுமா?

இதில் உனக்கு என்ன கஷ்டம் என்று தெரியாமல் கேட்கவில்லை. முதல் படத்தைக் காட்டினால், இரண்டாவது ஏன் மாறியது என்று கேட்பார்கள். உன் பட்டத்துக்கான ஆய்வே தப்பான மாதிரியின் மேல் நிற்கிறது என்று நீயே சொல்ல வேண்டிவரும். புது வேலையில் சேரும் முன்பே உன் பெயரில் ஒரு கறை விழலாம். ஐதராபாத் தட்டிப்போனாலும் போகலாம். பெற்றவளே உனக்கு இதை இழுத்துவைக்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். ஆனால் வேறு யாரிடமும் அந்தப் படம் இல்லை. அங்கே இப்போது பருத்தி வெடிக்கத் தொடங்கிவிட்டது. வியாழக்கிழமை தள்ளுபடியானால் பறிக்கும் முன்பே மண் அள்ளும் வண்டியை இறக்கிவிடுவார்கள்.

நீ என்னைக் காப்பாற்றலாமா என்று ஒரு வழி தேடுவாய், எனக்குத் தெரியும். சின்னப் பையனாக இருந்தபோதே அப்படித்தான். அதனால் அந்த வழியை அடைத்துவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். மேலே இருப்பது வரை இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதினேன். ஒன்றில் கையெழுத்துப் போட்டு இன்று காலை பத்தரை மணிக்கு அரியலூர்க் கோட்டாட்சியர் ஆபீஸில் கொடுத்து, சீல் வைத்து வாங்கிவிட்டேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். வேலை போகும், கேஸும் வரும். வரட்டும்.

நீ வந்தால், விசாரணையில் உன்னை நிற்க வைத்து, இந்தப் பொய்ப் பட்டியலைக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். அப்போது என் பக்கம் பார்க்காதே, பார்த்தால் உனக்கு வாய் வராது. அம்மா என்று சொல்லாதே. என் முழுப் பெயரையும் பதவியையும் சத்தமாகச் சொல்.